1999 சிட்டி 1.5: வெயிலில் நின்றால் ஸ்டார்ட் ஆகல, ஓட்டும்போதும் திடீர்னு கட் ஆகுது

வைகைக்கரை:

வண்டி 1999 ஹோண்டா சிட்டி 1.5, பெட்ரோல் மட்டும்தான், கேஸ் கிட் கிடையாது. 1,62,000 கி.மீ. ஓடியிருக்கு. ரெண்டு தொல்லை.

ஒண்ணு: மதிய வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திட்டு வந்தா செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கவே மாட்டேங்குது. கதவை எல்லாம் திறந்து போட்டுட்டு அரை மணி கழிச்சு சாவி போட்டா ஒரே அடியில் ஸ்டார்ட். காலையில், ராத்திரியில், மழை நாளில் இந்தப் பிரச்சினை இல்லை.

ரெண்டு: பைபாஸில் போய்க்கிட்டிருக்கும்போது ஒரு நொடி கட் ஆகி மறுபடி பிடிக்குது. அப்போ ஆர்பிஎம் முள் பொத்துன்னு கீழே விழுந்து எழுந்துக்குது. இது வெயில், குளிர் பார்க்கிறதில்லை. பள்ளம் மேட்டில் கொஞ்சம் அதிகம்.

பிளக், பெட்ரோல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பேட்டரி எல்லாம் இந்த மாசம்தான் புதுசு போட்டது. ஒரு மெக்கானிக் பெட்ரோல் பம்ப் போச்சுங்கிறார். இன்னொருத்தர் ஈசியூ (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்). மூணாவது ஆள் "வேப்பர் லாக், ஈரத்துணி போடுங்க"ன்னார். என்கிட்ட மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் இருக்கு. எதிலிருந்து ஆரம்பிக்கிறது?

ஓம்விதி:

ரெண்டையும் ஒரே கோளாறா நினைச்சுத் தேடாதீங்க. நீங்க எழுதியிருக்கிறதை வச்சே சொல்றேன், இது ரெண்டு தனித்தனி கோளாறு. முதலாவது சூட்டுக்கு வருது, ரெண்டாவது ஆட்டத்துக்கு வருது.

வேப்பர் லாக் பேச்சை முதலில் ஒதுக்கிடலாம். கார்புரேட்டர் காலத்தில் பம்ப் இன்ஜின் மேலேயே இருந்து பெட்ரோலை உறிஞ்சும், அதனால் சூட்டில் குழாயில் ஆவி அடைக்கும். இந்த வண்டியில் பம்ப் டேங்க்குக்குள் இருந்து தள்ளுது. லைனில் சுமார் 40 பிஎஸ்ஐ அழுத்தம் நிற்கும். அந்த அழுத்தத்தில் ஆவி அடைச்சு அரை மணி நேரம் வண்டி நிற்கிறது அபூர்வம்.

எந்தப் பார்ட்ஸும் வாங்கறதுக்கு முன்னாடி, வண்டி ஸ்டார்ட் ஆகாம அடம்பிடிக்கிற அந்த நேரத்திலேயே ஒரு சோதனை. ஆறின பிறகு செஞ்சா பிரயோஜனமே இல்லை. ஏசி ஃபேன், ரேடியோ எல்லாம் ஆஃப். கண்ணாடியை ஏத்திட்டு அமைதியா உட்கார்ந்து சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்க, செல்ஃப் அடிக்காதீங்க. முதல் ரெண்டு நொடியில் என்ன நடக்குதுன்னு கவனிங்க. சரியா இருக்கிற வண்டியில் செக் இன்ஜின் லைட் எரியும், பின் சீட் பக்கம் பம்ப் "உம்ம்"ன்னு ரெண்டு நொடி ஓடி நிற்கும், டாஷ்போர்டு அடியில் ஒரு 'டிக்' கேட்கும், லைட் அணையும்.

லைட்டே எரியலைன்னா ஈசியூவுக்கு கரண்ட் போகல. பியூஸ், மெயின் ரிலேயின் (அது என்னன்னு கீழே சொல்றேன்) முதல் பாதி, எர்த், இந்த வரிசையில் பாருங்க. லைட் எரிஞ்சு ரெண்டு நொடியில் அணையுது, ஆனா பம்ப் சத்தம் இல்லைன்னா ஈசியூ உயிரோட இருக்கு. கோளாறு மெயின் ரிலேயின் ரெண்டாவது பாதி, பம்ப், இல்ல நடுவில் இருக்கிற வயர். லைட்டும் சரி, பம்ப்பும் ஓடுது, அப்பவும் பிடிக்கலைன்னா பெட்ரோல் பக்கத்தை விட்டுட்டு ஸ்பார்க் பக்கம் வாங்க. லைட் அணையாமலே எரிஞ்சா கோட், அதாவது ஈசியூ பதிஞ்சு வச்சிருக்கிற கோளாறு எண்ணை எடுக்கணும்.

என் ஊகம் ரெண்டாவது வகை. இந்தக் காலத்து ஹோண்டாக்களில் மெயின் ரிலேன்னு ஒரு சின்ன டப்பா உண்டு, பெரும்பாலும் மிட்சுபா தயாரிப்பு, ஏழு பின். உள்ளே ரெண்டு ரிலே. ஒண்ணு ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் கரண்ட் கொடுக்கும். இன்னொண்ணு பம்ப்புக்கு. பம்ப் ரிலேயோட காயிலை எர்த் பண்றது ஈசியூ. சாவி போட்டதும் ரெண்டு நொடி, அப்புறம் இன்ஜின் சுத்துற சிக்னல் வந்தால் மட்டும் தொடர்ந்து. ஆக்சிடென்ட் ஆகி இன்ஜின் நின்னா பம்ப் தானா நிற்கணும்னு அப்படி வச்சிருக்காங்க.

இருபத்தஞ்சு வருஷம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்த டப்பாவுக்குள் தடிப்பான பின்னைச் சுத்தியிருக்கிற ஈயம் (சால்டர்) வெடிச்சிடும். குளிரில் ஒட்டிக்கிட்டிருக்கும். வெயிலில் நின்ன காருக்குள் சூடு ஏறினதும் விரிஞ்சு விட்டுடும். கதவைத் திறந்து வச்சா சரியாகுதே, அது பெட்ரோல் ஆறுறதால இல்லை, டாஷ் ஆறுறதால.

டப்பாவைக் கண்டுபிடிக்க: ஒருத்தரை சாவி போட்டுப் போட்டு எடுக்கச் சொல்லிட்டு நீங்க ஸ்டீயரிங் அடியில் கையை விட்டு 'டிக்' எங்கே அதிருதுன்னு தடவிப் பாருங்க. பேட்டரி நெகட்டிவை கழட்டிட்டு ரிலேயை எடுங்க. அடிப்பக்கம் ரெண்டு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், சின்ன ஸ்க்ரூடிரைவர் ரெண்டு வச்சு நெம்பினா போர்டு வெளியே வந்துடும். பூதக்கண்ணாடி வச்சு ஈயத்தைப் பாருங்க. பின்னைச் சுத்தி முடி மாதிரி ஒரு மெல்லிய கறுப்பு வளையம் தெரிஞ்சா அதுதான் வெடிப்பு. விரலால் பின்னை லேசா அசைச்சா ஈயத்துக்கு நடுவில் பின் மட்டும் தனியா ஆடும்.

பழைய ஈயத்து மேலேயே புதுசை வைக்காதீங்க, ஆறு மாசத்தில் திரும்ப வெடிக்கும். உறிஞ்சி எடுத்துட்டு, ரோசின் ஃபிளக்ஸ் தடவி, 60/40 ஈயக் கம்பியால் எல்லா பின்னையும் புதுசா வைங்க. பின்கள் தடிப்பு, சூட்டை இழுத்துக்கும். 25 வாட் அயர்ன் பத்தாது, 60 வாட் எடுங்க. ஒரு பின்னுக்கு மூணு நாலு நொடி. ஈயம் பின் மேல சரிவா ஏறிப் பளபளன்னு நிக்கணும். உருண்டையா உட்கார்ந்தா பிடிக்கலன்னு அர்த்தம். ரிலே கான்டாக்ட் முனை கருகி குழி விழுந்திருந்தா உப்புத்தாள் போடாம ரிலேயையே மாத்திடுங்க.

மாட்டின பிறகு ஹேர் டிரையரால் அந்த டப்பாவை அஞ்சு நிமிஷம் சூடாக்கி (கை வச்சா தாங்காத அளவுக்கு வேணாம்) சாவி போட்டுப் பாருங்க. பம்ப் ஓடினா முதல் தொல்லை முடிஞ்சது.

கரிசல்16:

ஓம்விதி சொன்னதில் ஒண்ணு சேர்க்கிறேன். 'டிக்' கேட்டும் பம்ப் ஓடலைன்னா உடனே ரிலே மேல பழி போடாதீங்க. பம்ப் கப்ளரில் மீட்டரை வச்சு சாவி போடுங்க. ரெண்டு நொடிக்கு 12 வோல்ட் வந்தும் பம்ப் சுத்தலைன்னா பம்ப்போ அதோட எர்த்தோ காலி. வோல்ட்டே வரலைன்னா ரிலே பக்கம். பம்ப்புக்கு நேரா பேட்டரியிலிருந்து லைன் கொடுத்துப் பார்க்கிறவங்க 15 ஆம்பியர் பியூஸ் வச்ச வயரில் கொடுங்க, டேங்க் மூடி பக்கத்தில் பொறி விழாம கனெக்‌ஷனை பேட்டரி முனையில் வைங்க. அழுத்தம் பார்க்கணும்னா ஃபில்டர் தலையில் இருக்கிற சின்ன சர்வீஸ் போல்ட்டை துணி சுத்தி மெதுவா லூஸ் பண்ணித்தான் கேஜ் போடணும். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரின் வேக்யூம் குழாயைக் கழட்டி வச்சா தோராயமா 38லிருந்து 46 பிஎஸ்ஐ காட்டணும். குழாய் மாட்டினா எட்டுப் பத்து குறையும்.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி அண்ணா. நேத்து மதியம் வண்டி அடம்பிடிச்ச நேரத்தில் பார்த்தேன். லைட் எரிஞ்சு அணையுது, பம்ப் சத்தம் இல்லை, பம்ப் கப்ளரில் வோல்ட் இல்லை. ரிலேயைக் கழட்டினேன், ரெண்டு பின்னில் அந்தக் கறுப்பு வளையம் அப்படியே இருந்துச்சு. எல்லா பின்னும் புது ஈயம். ஹேர் டிரையர் சோதனையில் பம்ப் ஓடுது. இன்னிக்கு மொட்டை வெயிலில் நிறுத்தி எடுத்தேன், ஒரே அடி.

ரெண்டாவது தொல்லை அப்படியேதான் இருக்கு. கோட் எடுக்கலாம்னா வண்டியில் ஸ்கேனர் போடுற இடமே தெரியல.

தாமிரக்கம்பி:

ஸ்கேனர் வேண்டாம், ஒரு துண்டு வயர் போதும். க்ளவ் பாக்ஸ் அடியில், இடது ஓரமா, எதிலும் மாட்டாம தொங்குற ரெண்டு பின் கப்ளர் ஒண்ணு இருக்கும். பக்கத்திலேயே மூணு பின் ஒண்ணும் இருக்கலாம், அதைத் தொடாதீங்க. ரெண்டு பின்னையும் வயரால் இணைச்சுட்டு சாவியை ஆன் பண்ணினா செக் இன்ஜின் லைட் கண் சிமிட்டும். நீளமான சிமிட்டல் பத்து, குட்டையானது ஒண்ணு. ஒரு நீளம் அஞ்சு குட்டைன்னா 15.

உங்களுக்குப் பொருந்துற எண்கள்: 4, 8, 9 மூணும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சுக் கொடுக்கிற டப்பா) இருக்கிற சென்சார்கள். 15 இக்னிஷன் அவுட்புட் சிக்னல், அதாவது ஈசியூ "பொறி விடு"ன்னு சொன்னதுக்கு இக்னைட்டர் (காயில் கரண்டை விட்டு நிறுத்திப் பொறி வரவைக்கிற பார்ட்) பக்கத்திலிருந்து ஒழுங்கான பதில் இல்லை. 6 வந்தா கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், 3 அல்லது 5 வந்தா மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போற காத்தோட அழுத்தத்தை அளக்கிறது). கட் ஆகிறதுக்கும் இந்தக் கடைசி மூணுக்கும் சம்பந்தம் குறைவு.

ஒரு விஷயம். இந்த மாசம் பேட்டரி மாத்தினதா எழுதியிருக்கீங்க. பேட்டரியைக் கழட்டினா கோட் எல்லாம் அழிஞ்சுடும். ரிலே வேலைக்காக இப்ப மறுபடியும் கழட்டியிருக்கீங்க. அதனால இப்ப எடுத்தா ஒண்ணும் வராம இருக்கலாம். நல்லா ஓட்டி, கட் ஆன பிறகு, பேட்டரியைத் தொடாம எடுங்க.

ஆர்பிஎம் முள் விழுறது பெரிய துப்பு. கியரில் ஓடுற வண்டியில் பெட்ரோல் நின்னு இழுவை போனாலும் சக்கரம் இன்ஜினைச் சுத்திக்கிட்டேதான் இருக்கும், முள் வேகத்தோடு சேர்ந்து மெதுவாத்தான் இறங்கும். பொத்துன்னு சுழியத்துக்கு விழுதுன்னா இன்ஜின் சுத்தும்போதே இக்னிஷன் சிக்னல் அறுந்துருக்கு. முள்ளுக்கு சிக்னல் போறது இக்னைட்டர்கிட்டேயிருந்துதான்.

அடுத்த தடவை கட் ஆகும்போது டாஷ் முழுசையும் ஒரு பார்வை பாருங்க. முள்ளோட மத்த மீட்டர்களும் சேர்ந்து சாகுதுன்னா சாவி ஸ்விட்ச்சின் பின்பக்க மின் பகுதி தேஞ்சிருக்கு. கனமான சாவிக்கொத்து தொங்கவிடுறவங்க வண்டியில் இது சகஜம், நிறுத்தி வச்சு சாவியை லேசா ஆட்டினாலே தெரிஞ்சுடும். முள் மட்டும் விழுதுன்னா இக்னைட்டர், இல்ல இக்னைட்டருக்குப் போற கரண்ட்.

வைகைக்கரை:

கட் ஆச்சு. முள் மட்டும்தான் விழுந்துச்சு, மத்ததெல்லாம் அப்படியே. கோட் எடுத்தேன்: 15. வேற எதுவும் இல்லை. இக்னைட்டர் ஆர்டர் போட்டுடவா? கடையில் ஒரிஜினல் இல்லையாம், டூப்ளிகேட் இருக்காம்.

ஓம்விதி:

கொஞ்சம் பொறுங்க. 15 வந்தா இக்னைட்டர்தான்னு எல்லாரும் முடிவு கட்டிடுறாங்க. அதுக்குக் கரண்ட் வராம போனாலும் அதே 15தான் வரும். டூப்ளிகேட் இக்னைட்டர் வாங்கி மாட்டி, ரெண்டு வாரத்தில் அதே தொல்லை வந்து, முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் மாத்தினவங்க நிறைய.

முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்க. மூணு ஸ்க்ரூ. உள்ளே செம்மண் நிறத்தில் நைஸ் பொடி படிஞ்சிருந்தா பேரிங் தேயுது. எண்ணெய் ஈரமா இருந்தா ஷாஃப்ட் சீல் கசியுது, சென்சாரும் இக்னைட்டரும் அந்த எண்ணெயில்தான் குளிக்குது. ரெண்டும் இல்லைன்னா நல்லது. ரோட்டரைக் கழட்டணும்னா அதைப் பிடிச்சிருக்கிற ஸ்டார் ஸ்க்ரூ தெரியுற வரைக்கும் இன்ஜினைச் சுத்தி நிறுத்தணும். அந்த ஸ்க்ரூ பல வருஷம் இறுகினது, தலை தேஞ்சா பெரிய தலைவலி. சரியான அளவு டிரைவரை வச்சு அழுத்திப் பிடிச்சு, அசைவு வராட்டி டிரைவர் மேல சுத்தியால் ஒரு தட்டு தட்டிட்டுத் திருப்புங்க.

இந்த மாடலில் பொறிக்கான இக்னிஷன் காயிலும் உள்ளேயே இருக்கு. கரண்ட் ஆஃப் பண்ணி, வயர்களைக் கழட்டிட்டு ரெண்டு முனைக்கும் நடுவில் அளந்தா தயாரிப்பைப் பொறுத்து 0.5லிருந்து 0.8 ஓம். இவ்வளவு சின்ன அளவுக்கு முதலில் மீட்டர் முனைகளை ஒண்ணோடொண்ணு ஒட்டி வச்சு அது காட்டுற எண்ணைக் கழிச்சுக்கணும். சென்சார் மூணும் கப்ளரில் அளந்தா ஒவ்வொண்ணும் 350க்கும் 700 ஓமுக்கும் நடுவில். எந்த முனையும் பாடியோட தொடர்பு காட்டக்கூடாது. பிளக் வயர் ஒவ்வொண்ணும் 25 கிலோ ஓமுக்கு மேல போகக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. பிளக் வயரைக் கழட்டி பாடியிலிருந்து தூரமா பிடிச்சு "பொறி எவ்வளவு நீளம் பாயுது"ன்னு பார்க்கிற பழக்கம் பாயிண்ட் செட் காலத்தோட போகட்டும். பாய வழியில்லாத மின்னழுத்தம் காயிலையும் இக்னைட்டரையும்தான் துளைக்கும். ஒரு பழைய பிளக்கை வயரில் மாட்டி, அதோட உடம்பை இன்ஜினில் நல்லா எர்த் பண்ணி, இன்ஜெக்டர் கப்ளர்களைக் கழட்டிட்டு செல்ஃப் அடிங்க.

இப்ப முக்கியமான அளவு. ஓம் அளவை விட இதுதான் உண்மையைச் சொல்லும். வண்டி ஐடிலிங்கில் ஓடும்போது மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவில் வைங்க, கறுப்பு முனையை டிஸ்ட்ரிபியூட்டர் கப்ளரில் சாவி போட்டதும் 12 வோல்ட் வர்ற கறுப்பு-மஞ்சள் வயரில், கப்ளர் பின்புறமா ஊசி சொருகி வைங்க. மீட்டர் காட்டுறது வழியில் தொலையுற வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருக்கணும். அப்படியே வயரிங்கை அங்கங்க ஆட்டிக்கிட்டே மீட்டரைப் பாருங்க. சாதா பல்ப் டெஸ்ட் லைட்டை ஈசியூ வயர் எதிலும் வைக்காதீங்க, அது இழுக்கிற கரண்ட் ஈசியூவின் டிரான்சிஸ்டருக்கு ஆகாது.

வைகைக்கரை:

உள்ளே பொடியும் இல்லை, எண்ணெயும் இல்லை. காயில் 0.7, சென்சார் மூணும் 400 சொச்சம். வோல்ட் அளவில்தான் மாட்டிக்கிச்சு: 1.9 வோல்ட் தொலையுது! ஸ்டீயரிங் அடியில் வயரை ஆட்டினா 1.2லிருந்து 4 வரைக்கும் குதிக்குது, ஒரு தடவை இன்ஜின் நின்னே போச்சு.

கரிசல்16:

அலாரம் போட்டிருக்கா வண்டியில்? ரிமோட் சென்ட்ரல் லாக், ஏதாவது?

வைகைக்கரை:

ஆமா சார், முந்தின ஓனர் போட்டது. ரிமோட் இப்ப வேலை செய்யுறதில்லை. ஆனா டப்பா உள்ளேயே இருக்கு.

கரிசல்16:

அப்ப அங்கேதான். வெளிச்சந்தை அலாரங்களில் 'இன்ஜின் கட்'னு ஒரு ரிலே வரும். மாட்டுறவர் சாவி ஸ்விட்ச்சிலிருந்து வர்ற அந்தக் கறுப்பு-மஞ்சள் வயரை நடுவில் வெட்டி ரெண்டு முனையையும் ரிலேயில் கொடுத்துடுவார். பெரும்பாலும் வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தினது. பல வருஷத்தில் டேப் பசை உருகி வழிஞ்சிடும், செம்பு கறுத்துப் போகும், பள்ளத்தில் விழும்போது விட்டு விட்டுப் பிடிக்கும். காயிலுக்குப் போற மொத்தக் கரண்டும் அந்த முறுக்கு வழியாத்தான் போகுது.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. சாவி ஸ்விட்ச்சிலிருந்து இறங்குற கட்டைப் பின்தொடர்ந்து போனா தொழிற்சாலை டேப்புக்கு மேல வேற டேப் சுத்தின இடம் தெரியும். அங்கே கறுப்பு-மஞ்சள் வயரின் ரெண்டு வெட்டு முனையும் இருக்கும். ரிலேக்குப் போற வயர்களை எடுத்துட்டு, பழைய முனைகளைப் பளிச்சுன்னு செம்பு தெரியுற வரைக்கும் வெட்டுங்க. நீளம் பத்தலைன்னா அதே தடிமனில் ஒரு துண்டு வயர் சேருங்க, மெல்லிசா வேண்டாம். ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலில் வயரில் ஏத்திட்டு (இதை மறந்துட்டு ஈயம் வச்ச பிறகு தலையில் கை வைக்காதவங்க கிடையாது), ரெண்டு முனையையும் நேருக்கு நேரா பின்னி, ஈயம் உள்ளே இறங்குற வரைக்கும் சூடு காட்டி, குழாயைச் சுருக்கி, பக்கத்து வயரோட சேர்த்து டை போடுங்க. தொங்கவிட்டா ஈயம் முடியுற இடத்தில் ஆட்டத்தில் ஒடியும்.

கை வச்சதோட பானெட்டைத் திறந்து தெர்மோஸ்டாட் பக்கம் போல்ட் போட்ட எர்த் வயரையும் கழட்டிச் சுத்தம் பண்ணிடுங்க. ஈசியூவோட எர்த் அங்கேதான் வருது. கூலன்ட் கசிஞ்ச வண்டிகளில் பச்சை பூத்துக் கிடக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு இறுக்கினா போதும். இன்ஜின் ஓடி ஹெட்லைட் எரியும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் 0.1 வோல்ட்டுக்கு மேல இருக்கக்கூடாது.

வைகைக்கரை:

நீங்க சொன்ன மாதிரியே முறுக்கி டேப் சுத்தினதுதான், டேப்பை இழுத்ததும் ஒரு முனை கையோட வந்துடுச்சு. ஈயம் வச்சு முடிச்சாச்சு. இப்ப 0.2 வோல்ட்தான் தொலையுது, வயரை எப்படி ஆட்டினாலும் மாறல. எர்த்தும் சுத்தம் பண்ணிட்டேன், 0.04. இக்னைட்டர் ஆர்டரை நிறுத்திட்டேன்.

அலாரம் டப்பாவையே கழட்டி எறிஞ்சிடலாமா? கதவு லாக் மோட்டாருக்கும் அதிலிருந்துதான் வயர் போகுது.

தாமிரக்கம்பி:

லாக் வேணும்னா டப்பாவை விட்டுடுங்க. இன்ஜின் கட் ரிலேயை மட்டும் எடுத்துட்டு, டப்பாவிலிருந்து அந்த ரிலேக்கு வந்த மெல்லிய வயரின் முனையைத் தனியா டேப் பண்ணி மடிச்சுக் கட்டுங்க, எங்கேயும் பாடியில் உரசக்கூடாது. டப்பாவுக்குக் கரண்ட் போற லைனில் பியூஸ் இருக்கான்னு பாருங்க. பல பேர் நேரா பேட்டரி லைனிலேயே கொடுத்திருப்பாங்க. இல்லைன்னா டப்பாவோட வந்த தாளில் சொல்லியிருக்கிற அளவுக்கு ஒரு பியூஸ் சேர்த்துடுங்க, கரண்ட் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே.

அந்த 15 கோட் அழிய பேட்டரி நெகட்டிவைச் சில நிமிஷம் கழட்டி மாட்டினா போதும். ஐடிலிங் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா இன்ஜின் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் போடுற வரைக்கும் ஏசி, லைட் எதுவும் இல்லாம ஓட விடுங்க, படிஞ்சிடும். ஒரு வாரம் ஓட்டிட்டு மறுபடி ரெண்டு பின்னை இணைச்சுப் பாருங்க. அப்பவும் 15 வந்தா இக்னைட்டர் பத்திப் பேசலாம்.